ஆமையும் அமானிதமும்



பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற எங்கள் ஆரணியில் நெசவாளர் வீடுகள் பலவற்றில் குழித்தறியைக் காணலாம். நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு, மிதிபலகையை மிதித்து நெய்வார். சென்ற மாதம் எங்கள் வீட்டுப் பிள்ளை, தான் வளர்க்கும் சிறிய ஆமையைப் பக்கத்து நெசவாளர் வீட்டுக்கு எடுத்துச் சென்றபோது, அது ஊர்ந்துபோய் அந்தக் குழிக்குள் விழுந்துவிட்டது. ஓட்டின் ஓரத்தில் நகத்தளவுக்கு மேல்தகடு பெயர்ந்து வெண்மை தெரிந்தது. பின்னங்காலில் ஒரு சிராய்ப்பு. சிறு காயம்தான். ஆனால் அதை முன்னிட்டு எங்கள் வீட்டில் எழுந்த பேச்சுகள் நம் ஈமானையே உரசிப் பார்ப்பவையாக இருந்தன. ஆகவே இதை எழுதுகிறோம்.

முதலில் எழுந்தது நாம் அனைவரும் கேட்டு வளர்ந்த பழமொழி. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று அன்றைக்கே சொன்னேனே" என்றார் நன்னி. அமீனா என்பவர் நீதிமன்ற ஆணையோடு சப்தி செய்ய வரும் ஊழியர். கடன்பட்ட குடும்பம் அவரைக் கண்டு அஞ்சியதற்குக் காரணம் உண்டு. ஆமை என்ன செய்தது? இதற்கு நேர்மாறாக, கண்ணாடியில் செய்த ஆமை பொம்மையைக் கூடத்தில் வைத்தால் செல்வம் சேரும் என்று நம்புவோரும் இருக்கிறார்கள். வருந்தத்தக்க விதத்தில், நம்மவர் சிலர் வீடுகளிலும் அதைக் காண்கிறோம். ஒன்று அச்சம், மற்றொன்று ஆசை. ஆனால் இரண்டும் செய்வது ஒன்றையே. அல்லாஹ்வின் நாட்டத்தில் உள்ள நன்மை தீமையை எடுத்து, வாயற்ற ஓர் உயிரின் முதுகில் ஏற்றிவிடுகின்றன. சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் மறுத்துரைத்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. பூமியில் வாழும் உயிரினங்களும் வானில் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பது திருக்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயம் 38ஆம் வசனம் தரும் படிப்பினை. சமுதாயம் என்று இறைவன் மதித்த ஒன்றைத் தரித்திரம் என்று அழைக்க நாம் யார்?

இரண்டாவது பேச்சு மார்க்கத்தின் மொழியிலேயே வந்தது. பூனையை அடைத்துவைத்து, உணவும் தராமல், தானே இரைதேடத் திறந்தும் விடாமல் சாகடித்த பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையைப் பற்றிய ஹதீஸை நினைவூட்டிய பெரியத்தா, "ஏரியில் விட்டுவிடுங்கள், நன்மை கிடைக்கும்" என்றார். நல்ல மனத்திலிருந்து வந்த சொல். ஆனால் அந்தப் பூனை விடுபட்டிருந்தால் தன் ஊரில், தனக்குப் பழகிய இரையைத் தின்று பிழைத்திருக்கும். கடைகளில் விற்கப்படும் ஆமையோ பெரும்பாலும் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடுள்ள சிவப்புக் காது ஆமை. அதன் தாயகம் அமெரிக்கா. நம் ஏரியில் அது பிழைத்தால் இங்குள்ள ஆமைகளின் உணவையும் வெயில்காயும் இடத்தையும் பறிக்கும், நோயையும் பரப்பும். உலகின் மிக மோசமான அயல் ஆக்கிரமிப்பு இனங்கள் நூறில் ஒன்றாக அது பட்டியலிடப்பட்டுள்ளது. பிழைக்காவிட்டால், ஆறாத காயத்தோடு நாமே அதைச் சாக அனுப்பியவர்கள் ஆவோம். பொறுப்பைக் கைகழுவுவதற்கு விடுதலை என்று பெயரிடுவது ஈகை ஆகாது.

மூன்றாவது பேச்சு மருத்துவம். மஞ்சள் பூசலாம் என்றார் ஒருவர். தேங்காய் எண்ணெய் என்றார் மற்றொருவர். பெயர்ந்த இடத்தைப் பசை போட்டு ஒட்டலாம் என்றார் இன்னொருவர். ஆமையின் ஓடு, கழற்றி மாட்டும் சட்டையன்று. அது முதுகெலும்போடும் விலாவோடும் இணைந்த உயிருள்ள எலும்பு. அதன்மேல் நம் நகத்தை ஒத்த தகடுகள். அதற்கு வலி உண்டு. எண்ணெயும் பசையும் அழுக்கையும் கிருமியையும் உள்ளே வைத்து மூடிவிடும். நாங்கள் ஆமையை அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். மருத்துவர் உப்புநீரால் காயத்தைக் கழுவி, பால் சேர்க்காத வெளிர் தேநீரின் நிறம் வரும்வரை நீர்த்த போவிடோன் அயோடினைத் தடவினார். சில நாள்கள் உலர்ந்த தொட்டியில் துணிவிரித்து வெதுவெதுப்பாக வைக்கவும், உண்ணவும் பருகவும் மட்டும் நாளுக்கு இருமுறை சுத்தமான நீரில் சற்று நேரம் விடவும் சொன்னார். ஈயும் எறும்பும் அண்டாமல் காப்பது முக்கியம். ஓடு ஆற வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். விரிசல், நிற்காத இரத்தம், துர்நாற்றம், ஓடு மெதுவாதல், உண்ணாமை, மூக்கில் நீர்க்குமிழி, நீரில் சாய்ந்து நீந்துதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் வீட்டு வைத்தியம் கூடாது. பெரிய சிகிச்சைக்குச் சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உண்டு.

மருத்துவரிடம் நாங்கள் கற்றதில் கசப்பான பகுதி ஒன்று உண்டு. குழியில் விழுந்தது விபத்து. ஆனால் ஓடு வலுவிழந்திருந்தது எங்கள் குறை. சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, சோற்றுப் பருக்கையும் ரொட்டித் துண்டும் போட்டு வளர்த்தோம். நேரடி இளவெயில் இல்லாவிட்டால் ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சேராது. கண்ணாடி வழியே வரும் வெயில் அதற்குப் பயன்படாது. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குஞ்சு 25 செ.மீ. வரை வளரும், 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும் என்பதை வாங்கும்போது நாங்கள் கேட்கவும் இல்லை, கடைக்காரர் சொல்லவும் இல்லை.

தூய்மையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆமைகள் நோயின்றி இருக்கும்போதே சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும். குழந்தைகளுக்கு நோய் பரவியதால் அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனை 1975இல் தடைசெய்யப்பட்டது. தொட்டி நீரைச் சமையலறைத் தொட்டியிலோ, ஒளுச் செய்யும் இடத்திலோ கொட்டாதீர்கள். தொட்ட பின் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

காயமுற்ற ஆமை கடையில் வாங்கியதாக இல்லாமல், ஏரிக்கரையிலோ சாலையிலோ கண்டெடுத்ததாக இருந்தால் நிலைமை வேறு. நட்சத்திர ஆமையும் நம் குளங்களில் வாழும் பாலாமையும் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. இரக்கத்தால்கூட அவற்றை வீட்டில் வைத்து வளர்த்தல் குற்றம். சிறைத்தண்டனை வரை செல்லும். காற்றுப் புகும் பெட்டியில் வைத்து உடனே வனத்துறைக்குத் தகவல் தருவதே அங்கே நாம் செய்யவேண்டிய அமானிதம்.

அமானிதம் என்ற சொல்லைப் பணத்துக்கும் நகைக்கும் மட்டும் நாம் ஒதுக்கிவிட்டோம். தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்ட நாய்க்குக் காலுறையில் நீர் மொண்டு தந்தவருக்கு இறைமன்னிப்பு கிடைத்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஆனால் வீட்டில் ஓர் உயிர் காயம்பட்டதும் தூக்கி எறியச் சொன்னால், பிள்ளை எதைக் கற்கும்? கதையை அல்ல, நம் செயலைத்தான் கற்கும். பாவில் ஓர் இழை அறுந்தால் எங்கள் ஊர் நெசவாளர் தறியை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடி எடுத்து முடிபோடுவார். அறுந்துவிட்டதே என்று புடவையை எறிவதில்லை.

எங்கள் வேண்டுகோள் எளியது. ஆமையைப் புதிதாக வாங்காதீர்கள். சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளில் அடைக்கப்பட்டு ஆயிரக்கணக்கில் பிடிபடும் குஞ்சுகள், நம் பிள்ளைகளின் ஆசைக்காகவே கடத்தப்படுகின்றன. ஏற்கெனவே வாங்கியவர்கள் அதன் ஆயுள்வரை பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு ஆமை இப்போது பெரிய தொட்டியில் இருக்கிறது. காலையில் அதை வெயிலுக்கு எடுத்துச் செல்வது பிள்ளையின் வேலை. நன்னி அந்தப் பழமொழியை இன்னும் முழுதாகக் கைவிடவில்லை. ஆனால் கீரை ஆயும்போது நல்ல இலையாக நான்கைந்தை அதற்கென எடுத்துவைக்கிறார்.

நம் பொறுப்பில் உள்ள எல்லா உயிர்களுக்கும் நியாயமாக நடந்துகொள்ளும் மனத்தை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.