கழற்றக்கூடாத பொருள் என்று ஒன்று உண்டா?

"இதையெல்லாம் திறக்க முடியாது சார், ஜோடியா மாத்திடுங்க." சென்னையில் விலையுயர்ந்த சைக்கிள்கள் விற்கும் கடையொன்றில் எனக்குக் கிடைத்த தீர்ப்பு இது. வண்டி பன்னிரண்டு ஆண்டுப் பழைய ரோடு பைக். வலப்பக்க கியர் ஷிஃப்டரின் லீவரைத் தள்ளினால் பிடிமானமின்றி ஆடியது. 'க்ளிக்' ஓசை இல்லை, சங்கிலி இருந்த பல்சக்கரத்திலேயே இருந்தது. கடைக்காரர் அதைத் தொட்டுப் பார்த்தது அரை நிமிடம். புதிய ஜோடிக்குச் சொன்ன விலை 14,000 ரூபாய். இலக்கியம் பேசுமிடத்தில் கியர் எதற்கு என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் பொறுத்தருள்க. நம்மிடம் உறுதியாகச் சொல்லப்படும் ஒரு வாக்கியம் மெய்யா என்று சோதிப்பதும் வாசகனின் வேலைதான்.

அந்த வாக்கியம் பொய். லீவரைத் தள்ளும்போது ஒரு சிறிய உலோக நாக்கு, மெல்லிய ஸ்பிரிங்கின் விசையால், பல் வெட்டிய தட்டில் விழுந்து அதைத் திருப்புகிறது, தட்டு 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியை இழுக்கிறது. தொழிற்சாலையில் பூசிய கிரீஸ் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து மெழுகுபோல் இறுகிவிட்டால், நாக்கை அசைக்க அந்த ஸ்பிரிங்குக்கு வலுவில்லை. எதுவும் உடையவில்லை; ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. ரப்பர் உறையை உருட்டி விலக்கி, இடுக்குகளில் துரு நீக்கும் ஸ்ப்ரேயைத் தாராளமாக அடித்து, லீவரை நூறு, இருநூறு முறை தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். (ரிம்மில் தெறிக்காமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள், பிரேக் வழுக்கும்.) கன்னங்கரிய கூழ் வடியும். ஓர் இரவு ஊறவிட்டு மறுநாள் காலை மீண்டும் தொடங்கினேன். காபி ஆறுவதற்குள் முதல் 'க்ளிக்' கேட்டது. கழுவிப்போன கிரீஸுக்கு மாற்றாக நாலைந்து சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டேன். மொத்தச் செலவு 300 ரூபாய்க்குள்.

எல்லாப் பழுதும் இப்படித் தீரும் என்று நான் சொல்லவில்லை. கம்பி ஷிஃப்டருக்குள்ளேயே நைந்து, அதன் இழைகள் பல்தட்டில் சிக்கிக்கொள்வதுண்டு. அவற்றைப் பொறுமையாக இடுக்கியால் எடுக்கவேண்டும். ஸ்பிரிங் முறிந்தாலோ பல் தேய்ந்தாலோ உதிரிபாகம் வேண்டும். என் சினமெல்லாம் இங்கேதான். உள்ளுறுப்புகளைத் தனியே விற்பது அரிதாகிவிட்டது. ஒரு ஸ்பிரிங்குக்காக முழு ஷிஃப்டரையும் வாங்கச் சொல்கிறார்கள்.

"நுட்பம் வளர்ந்துவிட்டது, அதற்கு இதுதான் விலை" என்கிறார் பொறியியல் படித்த நண்பர். வரலாறு அவர் பக்கம் இல்லை. சட்டத்தின் கீழ்க்குழாயில் பொருத்திய பழைய லீவர்கள் வெறும் உராய்வில் நின்றன; கியரைக் காதாலும் கையாலும் தேடிப் பிடிக்கவேண்டும். 1984இல் ஷிமானோவின் டூரா-ஏஸ் தொகுதி படிப்படியாக 'க்ளிக்' செய்யும் முறையைக் கொண்டுவந்தது. 1990இல் அதே நிறுவனம் கியரையும் பிரேக்கையும் ஒரே பிடிக்குள் வைத்தது. 1992இல் இத்தாலியின் கம்பக்னோலோ 'எர்கோபவர்' என்ற பெயரில் அதே வேலையைச் செய்யும் ஷிஃப்டரை வெளியிட்டது. அதற்கு விரித்து வரைந்த படங்களையும் ஸ்பிரிங் உள்ளிட்ட சிற்றுறுப்புகளையும் அந்நிறுவனம் பல ஆண்டுகள் தந்துவந்தது. அதே காலம், அதே அளவு நுட்பம். ஆகவே திறக்கமுடியாமை என்பது நுட்பத்தின் இயல்பன்று, விற்பவரின் தேர்வு.

பிரேக்கும் அதே பிடியில் இருப்பதால் ஆபத்து என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் வீட்டில் பிரேக் கட்டையை மாற்றுபவனை எவரும் தடுப்பதில்லையே!

சட்டமும் கைகொடுக்கவில்லை. 2022 டிசம்பரில் இந்திய அரசு தொடங்கிய பழுதுநீக்க உரிமைத் தளம் வேளாண் கருவி, கைப்பேசி முதலிய மின்னணுப் பொருள், வீட்டுச் சாதனம், மோட்டார் வாகனம் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. சைக்கிள் அவற்றில் இல்லை. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய நெறிமுறையின் பட்டியலில் மின்கலம் பொருத்திய இலகு வண்டிகள் உண்டு. காலால் மிதிக்கும் வண்டிக்கு அங்கும் இடமில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை. பழைய ஜோடியைக் கொடுத்தால் 1,000 ரூபாய் கழித்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார். திறக்கவே முடியாத அந்தச் செத்த பொருள் அவருக்கு எதற்கு?