அறிதலே தொண்டின் தொடக்கம்

நுழையும்முன்

பிறர் துயர் தீர்க்க வேண்டும் என்னும் எண்ணம் இளமைக்கு இயல்பானது. அவ்வெண்ணத்தோடு கடல் கடந்து நம் மண்ணுக்கு வந்தோர் பலர். அவ்வாறே பிற நாடுகளுக்குச் செல்ல விழையும் இளைஞர்கள் இன்று நம்மிடையேயும் உள்ளனர். தொண்டு செய்ய வந்தவர் திரும்பிச் சென்றபின் அவ்வூரில் எது நிலைக்கிறது என்னும் வினாவை, மதுரை வட்டாரத்தின் பட்டறிவைக் கொண்டு ஆராய்கிறது இப்பாடம்.

ஓர் ஊருக்குத் தொண்டு செய்யச் செல்பவர் முதலில் செய்ய வேண்டுவது யாது? 'கொடுத்தல்' என்பதே பலரது விடையாக இருக்கும். 'அறிதல்' என்பது என் விடை. திருக்குறளில் ஈகை என்னும் அதிகாரத்திற்கு முன்னதாக ஒப்புரவறிதல் அமைந்திருக்கிறது. ஊரோடு ஒத்து வாழும் நெறியை அறிந்த பின்னரே கொடுக்கும் கை பயன்படும் என்று அவ்வரிசையை நான் பொருள்கொள்கிறேன்.

நாற்பது கன்றுகள் கற்பித்த பாடம்

இதனை நான் நூலால் அறியவில்லை, பிழையால் அறிந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுடன், திருமங்கலத்துக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரில் ஏழு நாள் முகாம் நடத்தினேன். சாலையோரம் நாற்பது மரக்கன்றுகளை நட்டோம், ஒளிப்படம் எடுத்துக்கொண்டோம், மகிழ்ச்சியோடு விடைபெற்றோம். மறு ஆண்டு சென்றபோது இரண்டு வேப்பங்கன்றுகளே எஞ்சியிருந்தன.

"நட்டு வச்சிட்டுப் போயிட்டீக வாத்தியாரய்யா. கோடையில எங்களுக்கே குடிக்கத் தண்ணி இல்ல. இதுக எப்படிப் பிழைக்கும்?" என்றார் ஒரு மூதாட்டி. அவர் குரலில் சினம் இல்லை. அதனாலேயே எனக்கு நாணம் மிகுந்தது.

அவ்வாண்டு, என்ன செய்யலாம் என்று ஊராரையே கேட்டோம். ஊருணிக்கு நீர் கொணரும் வரத்துக்கால் முள்மண்டித் தூர்ந்து கிடப்பதைக் காட்டினர். அவர்களோடு சேர்ந்து அதனை வெட்டிச் சீர்செய்தோம். ஐப்பசி மழையில் ஊருணிக்கு நீர் வந்தது. முதலாண்டில் நாங்கள் சிந்திய வியர்வை குறைவன்று. கேட்க வேண்டியதைக் கேளாமையே எங்கள் குறை.

நல்லெண்ணம் மட்டும் போதுமா?

ஒரு சிற்றூரில் நேரும் இப்பிழை, நாடு கடந்து செல்லும்போது பெருந்தீங்காகவும் மாறக்கூடும். அண்டை நாடான நேபாளத்தில் ஆதரவற்ற குழந்தைகளுக்குப் பணிசெய்ய வெளிநாட்டு இளைஞர்கள் பலர் வருகின்றனர். அங்குள்ள இல்லங்களில் வளரும் குழந்தைகளுள் மிகப் பலருக்குப் பெற்றோர் உயிருடன் உள்ளனர். கல்வி கிடைக்கும் என்று நம்ப வைத்து மலையூர்களிலிருந்து குழந்தைகளை அழைத்து வந்து, தொண்டர்கள் தரும் பணத்திற்காக அவர்களை இல்லங்களில் வைத்திருக்கும் தரகர்களும் உண்டு. இரண்டு வாரம் அன்பு காட்டிவிட்டு ஒருவர் செல்வதும், மற்றொருவர் வருவதும் பிரிவையே பழகும் பிஞ்சு உள்ளங்களை வாட்டும். வந்தவர்களின் நெஞ்சில் வஞ்சம் இல்லை. எனினும் அறியாமை தீமைக்குத் துணைபோகிறது.

அவ்வாறாயின் அயலார் எவரும் வரவே வேண்டாமா? அது என் கருத்தன்று. மறுப்புரை மதுரையிலேயே இருக்கிறது.

ஊரிடம் கற்ற விருந்தினர்

ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான் அமெரிக்கர். 1925ஆம் ஆண்டு சமயப் பணியாளராக மதுரைப் பகுதிக்கு வந்தார். கற்பிக்க வந்த அவர், இம்மண்ணிடம் கற்கத் தொடங்கினார். காந்தியடிகளின் வழி அவரை ஈர்த்தது. கதர் உடுத்தி எளிய வாழ்வை மேற்கொண்டார். விடுதலை இயக்கத்தின்பால் அவர் கொண்ட பரிவை ஆங்கில அரசு பொறுக்கவில்லை. 1930இலும் 1944இலும் அவர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. எனினும் மீண்டும் வந்தார்.

1947இல் மருத்துவர் சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் சின்னாளப்பட்டிக்கு அருகில் காந்திகிராமத்தை நிறுவியபோது கெய்த்தானும் உடன் உழைத்தார். ஊரகக் கல்வியும் நலவாழ்வும் வளர்த்த அந்நிறுவனத்தின் கல்விப் பிரிவு, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கெய்த்தானோடு இளமையில் இணைந்து பணியாற்றிய சங்கரலிங்கம் ஜெகந்நாதன், தம் துணைவியார் கிருஷ்ணம்மாளுடன் பூதான இயக்கத்தில் ஈடுபட்டார். பின்னாளில் அவ்விருவரும் கீழத்தஞ்சையில் நிலமற்ற உழவர் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நிலவுரிமை பெற்றுத் தந்தனர். வந்தவர் ஒருவர், அவர் தோள் கொடுத்த பணியை எடுத்து நடத்தியவர்கள் இம்மண்ணின் மக்கள்.

வில்லையும் வித்தையும்

வாழ்நாள் முழுதும் தங்குவது எல்லார்க்கும் இயலாது. குறுகிய காலம் வருவோர் என்ன செய்யலாம்? மருத்துவர் கோ. வெங்கடசாமி, பணி ஓய்வுக்குப் பின் 1976இல் பதினொரு படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1978இல் அமெரிக்காவில் தோன்றிய சேவா அறக்கட்டளை அதற்குத் துணைநின்றது. கண்புரை நீக்கியபின் கண்ணுள் பொருத்தும் வில்லைகள் அக்காலத்தில் வெளிநாடுகளிலிருந்தே வந்தன. அவற்றின் விலை ஏழைகளுக்கு எட்டாதது. நன்கொடையாக வில்லைகளைப் பெற்றுக்கொண்டே இருந்திருக்கலாம். ஆனால் வில்லை செய்யும் வித்தையையே மதுரைக்குக் கொணர வெளிநாட்டு நண்பர்கள் உதவினர். 1992இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் உருவாயிற்று. சுற்றுவட்டாரச் சிற்றூர்ப் பெண்கள் பயிற்சி பெற்று அங்கே வில்லைகளை உருவாக்குகின்றனர். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அவ்வில்லைகள் செல்கின்றன. நேபாளம், வங்கதேசம் முதலிய நாடுகளிலிருந்து கண் மருத்துவப் பணியாளர்கள் மதுரைக்கு வந்து கற்றுச் செல்கின்றனர். பெற்ற ஊர் தரும் ஊராயிற்று.

செல்லும்முன் சிந்திப்போம்

மாணவர்களே! நாளை உங்களுள் ஒருவர் செவிலியராகவோ பொறியாளராகவோ ஆசிரியராகவோ அயல்நாட்டில் தொண்டாற்றச் செல்லக்கூடும். புறப்படுமுன் மூன்று வினாக்களை உங்களிடமே கேளுங்கள். என்னை அழைத்தவர் யார்? அவ்வூராரிடம் இல்லாத எந்தத் திறனை நான் கொண்டுசெல்கிறேன்? நான் திரும்பிய மறுநாள் அப்பணியைத் தொடர்பவர் யார்? இவற்றுக்கு விடை இல்லையெனில் பயணத்தைத் தள்ளிவைப்பதில் இழுக்கில்லை. அவ்விடத்தின் மொழியையும் வாழ்வையும் முதலில் கற்கலாம்.

அதற்குக் கடல் கடக்கவும் வேண்டாம். அடுத்த விடுமுறையில் உங்கள் பள்ளியின் முகாம் ஏதேனும் ஓர் ஊரில் நடைபெறும். மண்வெட்டியை எடுக்குமுன் அவ்வூர்ப் பெரியவர்களோடு ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வெளியார் தொடங்கிய பொதுப்பணி ஒன்றன் இன்றைய நிலையை ஊராரிடம் கேட்டறிந்து தொகுக்க.
2. 'குறுகிய காலத் தொண்டு பயனுடையதா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.