வரியைத் தீர்மானிப்பது கடவுச்சீட்டு அல்ல

சண்டிலிப்பாயிலிருந்து லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போனவர்களிடையே, கடவுச்சீட்டு எந்த நாட்டினதோ அந்த நாட்டுக்கே வரி என்ற எண்ணம் இருக்கிறது. அமெரிக்கக் குடிமக்களைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு; மற்றவர்களுக்கு அது ஆபத்தான எண்ணம். இலங்கையின் 2017ஆம் ஆண்டு 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், ஒருவர் இங்கே வதிகிறாரா, வரியாண்டில் தொடங்கும் அல்லது முடியும் ஏதேனும் 12 மாதங்களில் 183 நாட்களாவது இங்கே இருந்தாரா என்றே கேட்கிறது. வதிபவரென்றால் உலகெங்கும் ஈட்டிய வருமானம் கணக்கில் வரும்; வதியாதவருக்கு இலங்கையில் எழும் வருமானம் மட்டுமே. வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதும் இளைஞரும் வதிபவரே. முன்பு விலக்களிக்கப்பட்ட அத்தகைய சேவை வருமானத்துக்கு, அது அந்நியச் செலாவணியாக வங்கி வழியே வந்தால், 2025 ஏப்ரல் முதல் உச்ச வீதம் 15 சதவீதம்.

வெளிநாட்டில் கட்டிய வரியை இங்கேயும் கட்டுவதா என்று கேட்பது நியாயமே. அதற்காகத்தான் அங்கே செலுத்திய வரிக்குக் கழிவு தரப்படுகிறது. பிரித்தானியாவுடனும் கனடாவுடனும் இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கைகளும் உள்ளன. இரு நாடுகளும் ஒருவரைத் தம் வதிபவரென உரிமை கோரினால், நிரந்தர வீடு எங்கே, குடும்பமும் தொழிலும் எங்கே என்று அவை வரிசையாகப் பார்க்கும். நாளெண்ணிக்கை மட்டும் போதுமென்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த நுணுக்கங்களை எடுத்துக்காட்டுகளோடு எளிய தமிழில் விளக்குவது இறைவரித் திணைக்களத்தின் கடமை. வெளிநாட்டில் உழைப்போரே, பயணத் திகதிகளையும் அங்கே வரி கட்டிய பற்றுச்சீட்டுகளையும் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை ஆண்டுவாரியாகப் பத்திரப்படுத்துங்கள்.