சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கலாமா?

போன மாதம் பூந்தமல்லியில் மகள் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். இரவு பத்தரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது பேரன் அறையில் சின்னதாகப் பச்சை வெளிச்சம். கட்டிலுக்கு அடியில், திரைச்சீலை உரசும் இடத்தில், அவனுடைய ரேடியோ கன்ட்ரோல் விமானத்தின் பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. அவன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். நான் பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியைக் கொண்டுபோய் பால்கனி சிமெண்ட் தரையில் வைத்தேன். காலையில் வீட்டில் பெரிய ரகளை. ஞாயிற்றுக்கிழமை பறக்கவிட முடியாமல் போயிற்றே என்று பேரன் அழாத குறை. மாப்பிள்ளை மட்டும் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

"மாமா, நம்ம எல்லார் செல்போனும் ராத்திரி முழுக்க தலைமாட்டில்தான் சார்ஜ் ஆகுது. அதுவும் லித்தியம்தானே? இதுக்கு மட்டும் என்ன?"

நியாயமான கேள்விதான். அன்று வாயால் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். பேரப்பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசாக இந்த விமானங்களை வாங்கிக் கொடுக்கும் தாத்தாக்கள் நம்மில் நிறையப் பேர். கடையில் இறக்கையையும் மோட்டாரையும்தான் பார்க்கிறோம். பேட்டரியைக் கேட்டுப் பார்ப்பதில்லை.

செல்போனுக்குள் இருப்பது ஒரே ஒரு செல். அதோடு ஒரு குட்டி மின்சுற்று காவல்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மின்னழுத்தம் ஏறினாலோ, அளவுக்கு மீறி இறங்கினாலோ, ஷார்ட் ஆனாலோ அது துண்டித்துவிடும். விமான பேட்டரியில் அந்தக் காவல்காரன் கிடையாது. எடை கூடும், மோட்டார் கேட்கும் மின்னோட்டத்துக்கு அது தடையாக நிற்கும் என்பதால் வைப்பதில்லை. மெல்லிய அலுமினியப் பையில் அடைத்த இரண்டு, மூன்று செல்களை வரிசையாகக் கோத்து மேலே பிளாஸ்டிக் தோல் சுற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். காவல் வேலை முழுக்க வெளியே இருக்கும் சார்ஜருக்கும் அதை இயக்கும் ஆளுக்கும். அந்த ஆள் எட்டாம் வகுப்புப் பையன், அதுவும் தூங்கிக்கொண்டிருக்கிறான் என்றால் எப்படி?

இரவு முழுக்க சார்ஜ் போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். நம் தலைமுறைதான் கற்றுக்கொடுத்தது. அப்போதெல்லாம் நிக்கல் காட்மியம் பேட்டரிகள். அவற்றின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் பதினாலு மணி நேரம் போடுவோம். ஒரு மணி நேரம் கூடினாலும் லேசாகச் சூடாகும், பெரிய ஆபத்து இல்லை. பின்னால் வந்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடும் ஏறக்குறைய அதே சாதிதான். லித்தியம் பாலிமர், கடைக்காரர்கள் 'லிபோ' என்கிறார்களே, அது வேறு குணம். ஒரு செல் 4.2 வோல்ட் வந்ததும் நிறுத்தியே ஆக வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் உள்ளே வாயு உண்டாகி அப்பளம் மாதிரி உப்பும். இன்னும் தள்ளினால் தீதான்.

ஒரு சின்ன விலகல். புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது, 'பீல்' என்றால் தீர்ந்ததும் தூக்கிப்போடுவது, 'அக்யுமுலத்தர்' என்றால் மறுபடி நிரப்பிக்கொள்வது என்று வாத்தியார் கறாராகப் பிரித்துச் சொல்வார். மாற்றி எழுதினால் மதிப்பெண் போய்விடும். டார்ச்சில் போடும் கட்டைக்கு மூலம் 1866-இல் லெக்லான்ஷே செய்த பீல். காரிலும் இன்வெர்ட்டரிலும் இருக்கும் ஈய பேட்டரிக்கு மூலம் 1859-இல் பிளாந்தே செய்த அக்யுமுலத்தர். தமிழில் எல்லாவற்றுக்கும் 'பேட்டரி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டோம். ஒரே சொல் என்பதால் குணமும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம். மின்சாரத்தில் பறப்பது ஏதோ நேற்று வந்த விஷயமும் இல்லை. 1884 ஆகஸ்ட் 9-ஆம் தேதி ரெனார், கிரெப்ஸ் என்ற இரு பிரெஞ்சு ராணுவ அதிகாரிகள் 'லா பிரான்ஸ்' என்ற ஆகாயக் கப்பலில் மின் மோட்டார் வைத்து 23 நிமிடத்தில் எட்டு கிலோமீட்டர் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து இறங்கினார்கள். அதில் பேட்டரி மட்டுமே நானூறு கிலோவுக்கு மேல். இன்று பேரன் கையில் இருப்பது நூற்றெண்பது கிராம். அத்தனை சக்தியை அவ்வளவு சின்னப் பொட்டலத்துக்குள் அடைத்திருக்கிறார்கள் என்றால், அதற்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டாமா?

வாங்குவதைப் பற்றிச் சொல்கிறேன். 2018-இல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்ஷா' குழுவுக்கு நடிகர் அஜித் குமார் ஆலோசகராக இருந்து, அவர்கள் ஆஸ்திரேலியப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார்கள். அதிலிருந்து எங்கள் அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துப் பையன்களுக்கும் இந்த ஆசை கூடியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆசை கூடினால் மலிவுச் சரக்கும் கூடும். பேட்டரி மேல் மூன்று விஷயம் அச்சடித்திருக்கும். முதலாவது செல் எண்ணிக்கை. ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட் கணக்கு, மூன்று செல் என்றால் 11.1. இரண்டாவது கொள்ளளவு, 2200 மில்லி ஆம்பியர் மணி என்பது போல. இவை இரண்டிலும் பெரிதாக ஏமாற்ற முடியாது, சார்ஜரே காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவதாக 'சி ரேட்டிங்' என்று ஒன்று. அங்கேதான் வித்தை.

2200 பேட்டரி 25சி என்றால் 2.2-ஐ 25-ஆல் பெருக்கி 55 ஆம்பியர் வரை தரும் என்று பொருள். பக்கத்திலேயே இன்னொன்று, அதே விலை, அதைவிட இளைத்த உடம்பு, மேலே 60சி என்று கொட்டை எழுத்து. என் அபிப்பிராயம் இதுதான்: அந்த எண்ணில் பாதியை மட்டும் நம்புங்கள். எங்கள் விமானம் முழு வேகத்தில் 22 ஆம்பியர்தான் இழுக்கிறது. 25சி-யில் பாதி பொய் என்றாலும் 27 ஆம்பியர் மிஞ்சும், போதும். இன்னொரு சோதனையும் உண்டு. சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். மூன்று செல் 2200 பேட்டரி 170, 190 கிராம் அளவில் இருக்கும். 130 கிராம் காட்டினால் அச்சடித்த கொள்ளளவு உள்ளே இல்லை என்று அர்த்தம். அதற்காகப் பெரியதாகவே வாங்கிவிடலாமே என்றும் போகக் கூடாது. எடை கூடினால் விமானம் வேகமாகத்தான் இறங்கும், தரையில் இடிக்கும். மூக்குப் பக்கம் பளு கூடினால் சமநிலையும் கெடும். விமானத்தோடு வந்த தாளில் என்ன சொல்லியிருக்கிறதோ அதுவே சரி.

காசு மிச்சம் பிடிப்பதாக இருந்தால் விமானத்தில் பிடியுங்கள், சார்ஜரில் வேண்டாம். தெர்மாகோல் விமானம் உடைந்தால் பசை போட்டு ஒட்டலாம். நல்ல சார்ஜர் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். பேட்டரியில் தடித்த இரண்டு ஒயரோடு மெல்லிய ஒயர்க் கொத்து ஒன்றும் தொங்குகிறதே, அது அதற்குத்தான். 'சும்மா இருக்கு' என்று பையன்கள் அதை மாட்டாமல் விட்டுவிடுகிறார்கள். தடித்த ஒயரை மட்டும் மாட்டினால் சார்ஜருக்கு மொத்தக் கூட்டல்தான் தெரியும். 12.6 வந்ததும் சரி என்று நிறுத்தும். உள்ளே ஒன்று 4.1, ஒன்று 4.2, ஒன்று 4.3 என்று இருந்தாலும் கூட்டல் 12.6 தானே? மொத்தம் சரியாக வந்துவிட்டது என்பதற்காக உள்கணக்கு சரி என்று கையெழுத்துப் போட்ட எத்தனை பேரை என் சர்வீஸில் பார்த்திருக்கிறேன்!

அடுத்தது, சார்ஜரில் பேட்டரி ரகத்தைத் தேர்ந்தெடுப்பது. நிக்கல் ரகத்துக்கான முறையில் சார்ஜர் என்ன செய்யும் என்றால், பேட்டரி நிரம்பியதும் வோல்டேஜ் லேசாகச் சரியும், அந்தச் சரிவுக்காகக் காத்திருக்கும். லித்தியத்தில் அந்தச் சரிவு வரவே வராது. சார்ஜர் காத்துக்கொண்டே, ஏற்றிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு பொத்தான் தவறு, அவ்வளவுதான். மின்னோட்டம் கொள்ளளவுக்குச் சமமாக இருக்கட்டும். 2200-க்கு 2.2 ஆம்பியர், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அந்த நேரம் முழுக்க ஒரு பெரியவர் பக்கத்தில் விழித்திருக்க வேண்டும். எனக்கென்ன, பேப்பர் படிக்கும் நேரம்தான்.

நான் மட்டும் பெரிய யோக்கியன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு வருடம் முன்பு, திருமழிசை தாண்டி நண்பர் ஒருவரின் அறுவடை முடிந்த வயலில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தோம். (ஆவடியைச் சுற்றி விமானப்படை நிலையம், டேங்க் தொழிற்சாலை என்று இருப்பதால், அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் நான் எங்கும் கிளம்புவதில்லை.) இன்னும் ஒரு ரவுண்டு என்று நான்தான் ஆசைப்பட்டேன். விமானம் வரப்பில் மூக்குக் குத்தி விழுந்தது. பேட்டரியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. வீட்டுக்கு எடுத்து வந்து வராண்டாவில் வைத்துவிட்டுக் கால் கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் புஸ்ஸென்று சத்தம், வெள்ளைப் புகை, இனிப்பும் காரமுமாக ஒரு வாடை. வீடு கட்டியபோது மிஞ்சிய மணல் ஒரு மூலையில் கிடந்தது நல்லதாகப் போயிற்று. இடுக்கியால் எடுத்து இரும்பு வாளியில் போட்டு மணலைக் கொட்டினேன். என் மனைவி அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. விழுந்த பேட்டரி உடனே ஒன்றும் செய்யாது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் காட்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜ் போட்ட மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அந்த பேட்டரி பெரியது, இது சின்னது. ஆனால் கட்டிலுக்கு அடியில் திரைச்சீலை எரிய இது போதும்.

இன்னொரு எதிரி நம் ஊர் வெயில். கத்திரி நாளில் ஸ்கூட்டர் டிக்கியில் முழு சார்ஜ் பேட்டரியை வைத்துவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போய்வந்தால் உப்பிய பேட்டரிதான் மிஞ்சும். பறந்து இறங்கியதும் சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது, கை வைத்தால் சாதாரணமாக இருக்க வேண்டும். அடுத்த ஞாயிறுவரை பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட், மூன்று செல்லுக்கு 11.4 என்று பாதி நிலையில் வைக்க வேண்டும். சார்ஜரிலேயே அதற்கு ஒரு முறை இருக்கிறது. உப்பியதைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், குப்பை லாரியில் நசுங்கினால் அங்கே தீப்பிடிக்கும். 2022-ஆம் வருட பேட்டரிக் கழிவு விதிகளும் தனியாகத்தான் கொடுக்கச் சொல்கின்றன. முனைகளில் டேப் சுற்றி மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

கடைசியில் மாப்பிள்ளையோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். சார்ஜ் போடுவது பால்கனியில், அகலமான மண்சட்டிக்குள், பகலில், அவர் வீட்டில் இருக்கும்போது மட்டும். பேரனுக்கு நான் ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுத்துக் கோடு போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு பேட்டரிக்கும் ஓர் எண், வாங்கிய தேதி, பறந்த நிமிடம், திரும்ப ஏற்றிய அளவு, மூன்று செல்களின் வோல்டேஜ். "தாத்தா, இது ஆபீஸ் மாதிரி இருக்கு" என்று சிணுங்கினான். ஆனால் இரண்டாவது வாரமே போனில் கூப்பிட்டான். ஆறு நிமிடம் பறந்ததற்கு 1500 ஏறியிருக்கிறது, 2200-இல் எண்பது சதவீதம் 1760, அப்படியென்றால் ஏழு நிமிடம் பறக்கலாமா என்று கேட்டான். ஆறரையில் இறக்கிவிடுடா என்றேன். நேற்று மறுபடி பேசினான். மூன்றாம் எண் பேட்டரியில் ஒரு செல் மட்டும் மூன்று வாரமாக மற்றவற்றைவிடப் பின்தங்கி வருகிறதாம், லேசாக உப்பலும் தெரிகிறதாம். 'நீக்கம்' என்று எழுதித் தேதி போடச் சொன்னேன். புதிய பேட்டரிக்கான பணத்தை மாப்பிள்ளை அனுமதிக்க வேண்டும், கோப்பு அவரிடம் நிலுவையில் இருக்கிறது.