அடியாத நாயும் படியும்

'அடியாத மாடு படியாது' என்பது நம்மவர் வாயில் வேதவாக்காக வழங்கி வருகிறது. மாட்டுக்குச் சொன்னதை நாய்க்குச் சொன்னார்கள். நாய்க்குச் சொன்னதைப் பிள்ளைக்குச் சொன்னார்கள். பிள்ளைக்குச் சொன்னதை வயலில் குனிந்து நின்ற கூலியாளுக்கும் சொன்னார்கள். பழமொழி மக்கள் அனுபவத்தில் விளைந்த முத்து என்று போற்றுவோர், எந்த மக்களின் அனுபவம் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். இந்தப் பழமொழியை மாடு சொல்லவில்லை. தடியைப் பிடித்திருந்தவன் சொன்னான்.

நாயை அடித்தும் கட்டியும் பழக்குவது கொடியது. அதனினும் முக்கியமாக, அது பயனற்றது, விஞ்ஞானத்துக்குப் புறம்பானது. இதுவே நமது வாதம். 'நாட்டில் ஆயிரம் பிரச்சினை இருக்க நாய்க்கும் ஒரு கட்டுரையா?' என்று முகஞ்சுளிக்கும் முற்போக்கு நண்பர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு வார்த்தை: ஓர் உயிர் தன் கைக்குள் முற்றாக அகப்பட்டுவிட்டால் மனிதன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதை அறிய, நமது வளவுகளில் தொங்கும் நாய்ச்சங்கிலியைவிடத் தெளிவான சான்று கிடையாது.

பளையை எடுத்துக்கொள்வோம். தென்னந்தோட்டங்களும் பனங்கூடல்களும் சூழ்ந்த இப்பச்சிலைப்பள்ளிப் பகுதியில், முகமாலையை ஊடறுத்து, 2000ஆம் ஆண்டு முதல் 2009 வரை போர்முனை நிலைகொண்டிருந்தது. இரு தரப்பாரும் புதைத்த கண்ணிவெடிகள் அம்மண்ணை உலகின் மிகச் செறிந்த வெடிநிலங்களுள் ஒன்றாக்கின. சனங்கள் இடம்பெயர்ந்தனர், பின்னர் மீண்டனர், எரிந்த வளவில் கொட்டில் போட்டு வேலி அடைத்தனர். வேலி போட்டவர் காவலுக்கு ஒரு நாய்க்குட்டியையும் கொண்டுவந்தார். அச்சத்தோடு வாழப் பழகிய மனிதர் அச்சத்தையே காவலாக வைக்க விரும்பியது புரியக்கூடியதே. ஆனால் அந்தக் குட்டிக்கு என்ன நேர்கிறது?

கண் திறந்து சில வாரங்களில் அதன் கழுத்தில் சங்கிலி ஏறுகிறது. நாலு முழச் சங்கிலிக்குள் அதன் உலகம் சுருங்குகிறது. அந்நியரை அறியாது, பிற நாய்களை அறியாது, மோட்டார் சைக்கிளின் இரைச்சல் ஏதென்று அறியாது. குரைத்தால் மட்டையடி; குரைக்காவிட்டால் 'சோற்றுக்குக் கேடு' என்ற வசை. கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் சீனவெடி வெடிக்கையில், ஓட வழியின்றிக் கட்டையைச் சுற்றிச் சுற்றி நடுங்குகிறது. ஒருநாள் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய் யாரையோ கடிக்கிறது. உடனே தீர்ப்பு வழங்கப்படுகிறது: 'பொல்லாத சாதி நாய்!' பிறப்பின்மீது பழி போட்டுவிட்டால் வளர்ப்பின் குற்றம் மறைந்துவிடும் அல்லவா? இந்தத் தந்திரத்தை நமது சமுதாயம் மனிதர் விஷயத்தில் எத்தனை நூற்றாண்டாகக் கையாண்டு வருகிறது என்பதை வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

1965இல் வெளிவந்த ஸ்கொட், ஃபுல்லர் என்போரின் நெடுங்கால ஆய்வு ஓர் உண்மையை நிலைநாட்டியது. பிறந்து ஏறத்தாழ மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரையுள்ள காலமே நாய்க்குட்டி உலகத்தோடு உறவு கொள்ளும் பருவம். அப்பருவத்தில் அச்சமின்றிக் கண்டவற்றை அது பின்னர் அமைதியாக ஏற்கும், காணாதவற்றுக்கு அஞ்சும். நாமோ அந்தப் பருவத்தில்தான் அதைக் கட்டையில் கட்டுகிறோம். பிறகு 'வெறிபிடித்த நாய்' என்று பெயர் சூட்டுகிறோம்.

'நாய்த்தொல்லை' என்று கூக்குரலிடுவோர் காட்டும் மாற்று வழி கொலை. தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் கைவிடப்படும் என்று 2006இல் அரசு அறிவித்தபோது, விசர்நாய்க்கடி பெருகிவிடும் என்று எச்சரித்தவர் பலர். 1970களில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோரைக் காவுகொண்ட அந்நோய், பிற்காலத்தில் ஆண்டுக்குச் சில பத்து மரணங்கள் என்ற அளவுக்குக் குறைந்தது. குறைத்தது தடுப்பூசி, தடி அன்று. பளைக்கு அயலிலுள்ள இயக்கச்சியில் கைவிடப்பட்ட நாய்களுக்கெனச் சிவபூமி அறக்கட்டளை ஒரு சரணாலயம் அமைத்திருக்கிறது. பாராட்ட வேண்டிய காரியம். ஆயினும் சரணாலயம் விளைவைத் தாங்கும். காரணமோ நம் வளவுகளிலேயே விளைகிறது.

அடி ஏன் கற்பிப்பதில்லை? இதற்கு விடை சொல்லப் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். அவருடைய நாய்கள் பட்ட வேதனையை மூடிமறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கு நேர்ந்த ஒரு விபத்து நமக்குப் பாடமாகிறது. 1924 செப்டெம்பரில் லெனின்கிராட் நகரில் பெருவெள்ளம் வந்தது. கூண்டுகளில் நீர் ஏறி, நாய்கள் தலையை மட்டும் மேலே நீட்டித் தத்தளித்தன. அவை காப்பாற்றப்பட்டன. ஆனால் சில நாய்கள், பல மாதம் பயின்று பெற்ற பழக்கங்களை இழந்திருந்தன. பொறுமையோடு மீண்டும் பழக்கப்பட்ட ஒரு நாய், அறையின் கதவடியில் சிறிதளவு நீர் கசியக் கண்டதும் மறுபடி நிலைகுலைந்தது. பேரச்சம் புதியதைக் கற்பிக்கவில்லை, கற்றதையும் துடைத்தெறிந்தது. மட்டையை ஓங்கி 'படி, படி' என்போர் அந்தக் கதவடி நீரை நினைத்துக்கொள்ளட்டும்.

இந்த நூற்றாண்டின் சான்றும் அதுவே. போர்த்துக்கல் ஆய்வாளர் 92 வீட்டு நாய்களை ஆராய்ந்து 2020இல் முடிவை வெளியிட்டனர். தண்டித்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களிடம், வெகுமதி தந்து பழக்கும் பள்ளிகளின் நாய்களைவிட, மன அழுத்தத்தின் அறிகுறிகள் மிகுந்திருந்தன. அவற்றின் உமிழ்நீரே பயிற்சிக்குப் பின் அதற்குச் சாட்சி சொன்னது.

இனி, 'நாய் ஓநாயின் வழித்தோன்றல். ஓநாய்க் கூட்டத்தில் வலியவனே தலைவன். ஆகவே நாயை அடக்கி நீ தலைவனாகு' என்னும் வாதம். ஒன்றையொன்று அறியாத ஓநாய்களைக் கூட்டில் ஒன்றாக அடைத்து வைத்தால் சண்டை மூளாமல் என்ன செய்யும்? அத்தகைய சிறைக் கூட்டத்தைக் கண்டு 1947இல் ஷெங்கல் எழுதியதே இக்கொள்கைக்கு மூலம். 1970இல் தமது நூலில் இதைப் பரப்பிய டேவிட் மெக் என்பவரே, காட்டில் ஓநாய்களை நேரிற் கண்ட பின், 1999இல் இதை மறுத்தார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்றார். சிறைச்சாலையைப் பார்த்துவிட்டு 'இதுதான் இயற்கை' என்று விதி வகுப்பது எவ்வளவு பழைய மோசடி!

அப்படியானால் மாற்று என்ன? முகமாலை மண்ணைப் பெரும்பாலும் மனிதக் கைகளே அங்குலம் அங்குலமாகக் கிளறின. அவற்றுள் பல, போரில் துணைவரை இழந்த பெண்களின் கைகள். ஆயினும் 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் வடபுலத்தில் கண்ணிவெடி தேடும் பணிக்கு நாய்களும் கொண்டுவரப்பட்டன. அத்தகைய நாயை எவ்வாறு பழக்குகிறார்கள்? வெடிமருந்தின் மணத்தைக் கண்டுபிடித்தால் அதற்கு ஒரு பந்து விளையாடக் கிடைக்கும், அல்லது ஒரு வாய்த் தீன் கிடைக்கும். மணம் வந்த இடத்தில் அது மண்ணைப் பறிக்கக் கூடாது, துள்ளக் கூடாது. அமைதியாக அமர்ந்து தன் துணைவனைப் பார்க்க வேண்டும். அடிபட்ட நாயால் இது ஆகாது. அடிக்கு அஞ்சும் நாய் மனிதனின் முகத்தையே பார்க்கும், நிலத்தை முகராது. அடிக்குத் தப்ப, வெடி இல்லாத இடத்திலும் அமரும். இருக்கும் இடத்தையும் தாண்டிப் போகும். உயிரே பணயமாகும் களத்தில் தடிக்கு இடமில்லை. நாய் மட்டுமன்று, அபோப்போ என்ற அமைப்பு தான்சானியாவில் எலிகளையும் வாழைப்பழம் தந்தே பழக்குகிறது. அவற்றுள் மகாவா என்ற எலி கம்போடிய மண்ணில் வெடிபொருள்கள் பலவற்றைக் காட்டிக்கொடுத்து 2020இல் தங்கப்பதக்கம் பெற்றது. எலி படித்தது, அடியின்றிப் படித்தது!

வீட்டில் செய்ய வேண்டியதும் அதுவே. நாய் பெயர் கேட்டுத் திரும்பியதும், ஒரு விநாடி தாழ்த்தாமல், அவித்த மீன் துண்டொன்றைக் கொடுங்கள். தாழ்த்தினால் எதற்குக் கிடைத்தது என்று அதற்கு விளங்காது. படலையடியில் ஆள் வந்ததும் அது குரைக்கிறதா? குரைப்பை நிறுத்தி மூச்சு விடும் கணத்தைப் பார்த்திருந்து கொடுங்கள். அமைதியாகப் படுத்திருக்கும் நாயை நாம் கவனிப்பதே இல்லை. குழப்படி செய்தால் மட்டும் திரும்பிப் பார்க்கிறோம். இதைத் தலைகீழாக மாற்றுங்கள். ஐந்து நிமிடப் பாடம் போதும், களைத்தால் நிறுத்துங்கள். கூப்பிட்டு வந்த நாயை ஒருபோதும் அடிக்காதீர்கள். அடித்தால் மறுநாள் அது வராது. வெடிச்சத்தத்துக்கு நடுங்கும் நாயை வீட்டின் ஒரு மூலையில் ஒதுங்க விடுங்கள்; அருகில் இருங்கள். தேற்றினால் அச்சம் வளரும் என்பது வீண்கதை. பின்னர், திருவிழா இல்லாத நாட்களில், தூரத்துச் சிறு சத்தத்தோடு தீனைச் சேர்த்துக் கொடுத்து, நாளாக ஆகச் சத்தத்தை அணுக்குங்கள்.

'இது பணக்காரர் விளையாட்டு' என்பார் உளர். எப்படியும் நாய்க்கு வைக்கும் சோற்றையும் மீன் தலையையும் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுப்பதில் என்ன செலவு? காசு கொடுத்து வாங்குவது மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டியைத்தான். வேல்ஸ் நாடு 2010இல் தடைசெய்த அக்கருவி, விஞ்ஞானம் என்ற பெயரில் விற்கப்படும் பழைய தடியே.

'தின்னக் கொடுத்துப் பழக்குவது லஞ்சம்' என்பார் வேறு சிலர். செய்யத் தகாததைச் செய்விக்கக் கொடுப்பது லஞ்சம்; செய்த வேலைக்குக் கொடுப்பது கூலி. கூலியைக் கொடை என்றும், கேட்பவனைப் பேராசைக்காரன் என்றும் பெயர் மாற்றுவது முதலாளிமாரின் வித்தை. அதை நாய் விஷயத்தில் நாம் ஏன் இரவல் வாங்க வேண்டும்?

எனினும் ஒரு கேள்வியை முற்போக்காளர் தவிர்க்க இயலாது. பழக்கும் முறை இனிதாயிருந்தால் போதுமா? எதற்காகப் பழக்குகிறோம்? இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையினர், டாங்கிகளின் கீழே உணவு வைத்து நாய்களைப் பழக்கி, முதுகில் வெடிகுண்டு கட்டி அனுப்பினர். வெகுமதியே கொலைக் கருவியாயிற்று. போர்க்களத்தில் சில நாய்கள் வெடியோசைக்கு வெருண்டு தம் அணிக்கே திரும்பி ஓடின. பாசிசத்தை முறியடித்தவர்கள் நம்மவர் என்பதற்காக அந்த நாய்களுக்கு நேர்ந்ததை நியாயமென்று சொல்ல மாட்டோம். 1963 மே மாதம் அமெரிக்காவின் பேர்மிங்ஹாம் நகரில், உரிமை கேட்டு வந்த கறுப்பினச் சிறுவர் மீது பொலிசார் நாய்களை ஏவினர். அந்த நாய்கள் நிறவெறியோடு பிறந்தவையா? நமது மதில் வீடுகளிலும், கந்தல் உடுத்து வருபவரைக் கண்டதும் குரைத்து, காரில் வருபவருக்கு வாலாட்டும் நாயைக் காண்கிறோம். அந்தப் பாடத்தை அது எந்த ஓநாயிடமும் கற்கவில்லை. எசமானின் முகக் குறிப்பில் கற்றது. நாயைத் திருத்தப் புறப்படுகிறவர் தம் படலையைத் தாண்டி வருபவரைத் தாமே எப்படிப் பார்க்கிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, இப்போது தடியின் மறுமுனைக்கு வருவோம். 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் கல்வி அமைச்சு பாடசாலைகளில் உடல்தண்டனையை விலக்கியது. மாணவனை ஆசிரியர் அறைந்தது அடிப்படை உரிமை மீறல் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் 'அடி உதவுகிறது போல் அண்ணன் தம்பி உதவான்' என்ற குரல் ஆசிரியர் அறைகளில் இன்னும் ஓயவில்லை. பிள்ளையை நாயோடு ஒப்பிடுகிறோம் என்று யாரும் சினக்க வேண்டாம். பிரம்பை எடுத்தவர்தான் முதலில் ஒப்பிட்டார்; இரண்டுக்கும் ஒரே மருந்து என்றவர் அவரே. நாய்க்கே அது மருந்தாகவில்லை என்று நாம் காட்டுகிறோம். போரின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இருக்கும் வகுப்பறையில், ஓங்கிய பிரம்பு என்ன செய்யும்? லெனின்கிராட் கதவடி நீர் செய்ததைச் செய்யும்.

1907ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்த உச்சத் தண்டம் 100 ரூபா. நூறாண்டு கடந்த பின்னும் சட்டப் புத்தகத்தில் அத்தொகையே நின்றது. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலச் சட்ட வரைவொன்றைத் தந்தது. ஆண்டுகள் பல அது கிடப்பிலேயே கிடந்தது. ஓர் உயிரின் வதைக்கு ஒரு நூற்றாண்டாக மாறாத விலை! பயனுள்ள சட்டத்தைக் கோருவது நமது கடமை. ஆனால் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பளையிலும், வன்னியின் ஒவ்வொரு வித்தியாலயத்திலும், விஞ்ஞான பாடத்தில் பாவ்லோவைச் சொல்லும் ஆசிரியர் அந்த வெள்ளத்தையும் சொல்லட்டும். தடுப்பூசி நாள் வந்தால் மாணவர் வீடு வீடாகச் சென்று நாய்களைக் கொண்டுவரட்டும். வீட்டில் சங்கிலியை நீளமாக்கட்டும், பின் அவிழ்க்கட்டும். கையில் மட்டைக்குப் பதில் ஒரு துண்டு மீனை எடுக்கட்டும்.

அஞ்சிப் படிவது கல்வியன்று; தடி மறையும் மட்டும் நீடிக்கும் ஒரு போர்நிறுத்தம். நம் மண் போர்நிறுத்தங்களைப் பார்த்தது போதும்.