கட்டுரை எழுதும் முன் திடலைச் சுற்றி வரட்டும்

பணி ஓய்வு பெற்று ஈப்போவுக்குக் குடிவந்த பிறகும் பெற்றோர் பலர் என்னைத் தேடி வருகிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான். "டீச்சர், பையன் கணக்கெல்லாம் போட்டுடறான். கட்டுரைன்னா மட்டும் பேனாவைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். எந்தப் பயிற்றி வாங்கிக் கொடுக்கலாம்?" பயிற்றி வேண்டாம், எழுத உட்காரும் முன் கால் மணி நேரம் அவனை நடக்க விடுங்கள் என்பேன். உடம்பு இளைக்க வழி சொல்கிறேன் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது அவன் கற்பனைக்காக.

நம் தமிழ்ப்பள்ளிகளில் தன்கதை எழுதச் சொல்கிறோம். 'நான் ஒரு காலணி' என்று தலைப்புக் கொடுத்தால், வகுப்பிலுள்ள அத்தனை காலணிகளும் ஒரே தொழிற்சாலையில் பிறக்கின்றன, ஒரே பேரங்காடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்கின்றன, கடைசியில் ஒரே குப்பைத் தொட்டியில் கிடந்து வருந்துகின்றன. இது பிள்ளைகளின் குற்றமில்லை. காலை ஏழரைக்கு நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளை மதியம்வரை எழுந்திருப்பது ஓய்வு நேரத்தில் மட்டும். பிறகு கூடுதல் வகுப்பு, அதன் பிறகு டியூஷன், இரவில் கைப்பேசி. ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். அதற்காகப் பழக்கிய உட்காரும் பழக்கத்தையும் மனப்பாடக் கட்டுரையையும் நாம் இன்னும் விடவில்லை.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். பள்ளிக்கூட வாசலை மிதித்தவரில்லை. ஆனால் எங்கள் லயத்தில் வளைகாப்போ, கல்யாணமோ, சாவோ, பாட்டுக் கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கட்டி நான் பார்த்ததே இல்லை. அவருக்குப் பாட்டு வந்த இடம் பால்மர நிரை.

பள்ளி விடுமுறையில், பால் வடியும் மங்கைத் துடைக்க நானும் கூடப் போவேன். விடியும் முன்னே மரத்தின் உள்ளழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டிலேயே பெரட்டில் பெயர் கொடுத்து முடித்து, நெற்றி விளக்கோடு தீம்பாருக்குள் இறங்கிவிடுவார்கள். ஒருவர் பங்குக்கு 400, 500 மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் முந்தைய வெட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை இழுத்தெடுக்க வேண்டும், பட்டையை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சாய்வாகச் சீவ வேண்டும், மங்கைச் சரியாக வைக்க வேண்டும். ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும், கிராணியின் ஏச்சும் விழும். அம்மாவின் கைக்கு அந்த அளவு ஊறிப் போயிருந்தது. கை தன் வேலையைப் பார்க்கும், கால் அடுத்த மரத்துக்கு நடக்கும், வாய் முணுமுணுக்கும். ஒரு மரத்தடியில் சொன்ன அடி பத்து மரம் தாண்டி வேறு மாதிரி திரும்பி வரும். பக்கத்து நிரையிலிருந்து ஓர் அக்கா எதுகை எடுத்துக் கொடுப்பார். வெயில் ஏறி, வாளியோடு பால் எடுக்க இரண்டாம் சுற்று வரும்போது பாட்டு முழுசாகியிருக்கும்.

அப்படிப் பிறந்த தோட்டத்துப் பாடல்களில் ஒரு பகுதி தப்பிப் பிழைத்திருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இரா. தண்டாயுதம் இந்நாட்டு நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தார். முத்தம்மாள் பழனிசாமி 'நாட்டுப்புறப் பாடலில் என் பயணம்' எழுதினார். இந்தப் புத்தகங்கள் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளி நூலகத்திலும் இருக்க வேண்டும்.

அந்த உழைப்பை நான் புகழ வரவில்லை. கூலி சொற்பம். அட்டைக்கடி, கொசுக்கடி. காண்டாக் கம்பில் தொங்கிய வாளிகளின் கனத்தில் அம்மாவின் தோள் காய்த்துப் போயிருந்தது. அவர் பாட்டுகளில் பலவும் கங்காணியை ஏசுபவை. வறுமைதான் பாட்டைத் தந்தது என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குக் கோபம் வரும். பாட்டு அம்மாவின் அறிவில் பிறந்தது. அது வெளியே வர நடை வழிவிட்டது, அவ்வளவுதான்.

நான் நெடுநாளாக நம்பி வந்த இதை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மாரிலி ஒப்பெட்ஸோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு அது. 176 பேரைக் கொண்டு நான்கு சோதனைகள் செய்தார்கள். அன்றாடப் பொருள் ஒன்றைச் சொல்லி, வழக்கமில்லாத வகையில் அதை எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்பது அவற்றில் ஒன்று. நம் தன்கதைக்கு மிக நெருக்கமான பயிற்சி. உட்கார்ந்து யோசித்ததைவிட நடந்தபோது புது யோசனைகள் சராசரியாக 60 விழுக்காடு கூடின. வெறும் சுவரைப் பார்த்தபடி ஓட்டப்பொறியில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் சிறிது நேரம் அது நீடித்தது.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது, ஆசிரியர்கள் அதைக் கவனிக்க வேண்டும். ஒரே சரியான விடையுள்ள சொற்புதிர்களில் நடை உதவவில்லை. நடந்தவர்கள் சற்றுப் பின்தங்கவே செய்தார்கள். ஆகவே விடையைத் தெரிவு செய்யும் கேள்விகளுக்குப் பிள்ளை உட்காரட்டும். கட்டுரைக்கு நடக்கட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே நாற்காலி என்பதுதான் தவறு.

திடலுக்கு விட்டால் படிப்புக் கெட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோருக்கு நான் டாக்டர் மா. ஜெகதீசனைச் சொல்வேன். கோலகங்சாரில் 1943இல் பிறந்தவர். 1960, 1964, 1968 என மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஓடினார். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றார். 1968இல் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அவர் வைத்த தேசியச் சாதனை 2017 வரை நின்றது. இவ்வளவு ஓடியவர் மருத்துவம் படித்தார், பிறகு மருத்துவ ஆய்வாளராகவும் பெயர் பெற்றார். ஓடியதால்தான் ஆய்வாளரானார் என்று நான் சொல்லவில்லை. திடலும் நூலகமும் ஒருவர் வாழ்க்கையில் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு நம் பேராக்கிலேயே சான்று இருக்கிறது.

பிள்ளைகளுக்குச் சொன்ன இந்த நடை பெரியவர்களுக்கும் பொருந்தும். ஈப்போவின் போலோ திடலிலும் சீனிவாசகம் பூங்காவிலும் காலையில் நல்ல கூட்டம். பலர் காதில் கருவியைச் செருகிக்கொண்டு நடக்கிறார்கள். சில நாளாவது அதை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். மனம் தானாகப் பேச ஆரம்பிக்கும்.

பள்ளிகளுக்கு நான் கேட்பது மிகச் சிறியது, ஒரு காசு செலவில்லாதது. கால அட்டவணையில் உடற்கல்விக்கு அடுத்த பாடவேளையில் கட்டுரையை வையுங்கள். இப்போது பல பள்ளிகளில் பிள்ளைகள் திடலிலிருந்து வியர்வையோடு வந்து வேறு பாடத்துக்கு உட்காருகிறார்கள், அந்த நல்ல நேரம் வீணாகிறது. அப்படி மாற்ற முடியாவிட்டால், தலைப்பைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பை இரண்டிரண்டு பேராகத் திடலைச் சுற்றி வரச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே வரட்டும், அதட்ட வேண்டாம். நான் பணியிலிருந்தபோது இதைச் செய்திருக்கிறேன். ஒரு சுற்று முடிந்து வந்த மாணவி ஒருத்தி எழுதிய காலணி, கோயில் வாசலில் ஜோடியைத் தொலைத்துவிட்டு அதைத் தேடிப் போனது. அது எந்த மாதிரிக் கட்டுரையிலும் இல்லாதது.

திடலே இல்லாத பள்ளிகள் உண்டு. தோட்டம் போன பின் இடம் மாறி வந்த சில தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு துண்டு நிலம்தான். ஈப்போ மழையும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தாழ்வாரம் போதும். சுவரைப் பார்த்து நடந்தவர்களுக்கே பலன் கிடைத்திருக்கிறதே. நடக்க முடியாத பிள்ளை வகுப்பில் இருந்தால் அவனை மட்டும் உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த ஆய்வில் சிலரைச் சக்கர நாற்காலியில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு போயும் பார்த்தார்கள். வெளியே போய் வந்ததே அவர்களுக்கும் புதிதாக யோசிக்க உதவியது.