அக்கரைப் பிரயாணம்

குழந்தை குட்டிகளுடன் இலங்கைக்குப் போய் வருவது இன்று பெரிய காரியமன்று. புதுக்கோட்டைவாசிகள் திருச்சியில் விமானம் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. பாலும் பிஸ்கோத்தும் மாற்றுத் துணியும் கைவசம் இருந்தால் போதும். உறங்கும் குழந்தை விழிப்பதற்குள் அக்கரை வந்து விடும்.

19-ம் நூற்றாண்டில் இதே ஜில்லாவைச் சேர்ந்த அம்மாபட்டினத்தில் தோணி ஏறியவர்களின் பிரயாணமோ வேறு விதம். கங்காணியின் பின்னே காப்பித் தோட்டங்களுக்குச் சென்ற அக்கூட்டங்களில் தாய்மாரும் குழந்தைகளும் உண்டு. மன்னார்க் கரையில் இறங்கிய பின், மாத்தளை வரையில் நூறு மைலுக்கு மேல் காட்டு வழி நடை. வழியில் குடிநீர் அரிது. வாந்திபேதியும் காய்ச்சலும் தாராளம். புறப்பட்டவர் அனைவரும் போய்ச் சேரவில்லை. 1914-ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. 1964-ம் வருஷத்து ஒப்பந்தத்தின்படி, அவர்கள் வழி வந்தோர் பல்லாயிரவர், தாங்கள் கண்டறியாத தாய்நாட்டுக்குத் தம் குழந்தைகளுடன் திரும்பினர்.

ஆகவே, மலைநாடு செல்லும் நேயர்கள் தேயிலைச் செடிகளின் நடுவே படம் பிடிப்பதோடு நின்றுவிட வேண்டாமென்பது நமது வேண்டுகோள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில், "உன்னைப் போன்ற பிள்ளைகள் இங்கே நடந்தே வந்தார்கள்" என்று குழந்தைகளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதைக் கேட்டும் குழந்தை "தூக்கிக்கொள்" என்று அடம் பிடித்தால், கோபியாமல் தூக்கிக்கொள்ளுங்கள். அன்றைய தாய்மாரும் அப்படித்தான் தூக்கிச் சென்றிருப்பார்கள்.